பெட்டிக்கு நாலு போல்ட், வாய்க்கு ஒரு பூட்டு

ஊரிலிருந்து யார் திருவனந்தபுரம் வந்தாலும் கிழக்கே கோட்டை வாசலில் நின்றுகொண்டு கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "ஏனுங் மாப்ளே, அந்தப் பாம்பு காவல் இருக்கிற ரூமைத் திறந்துட்டாங்களா?" பத்மநாபசாமியைச் சேவிப்பதெல்லாம் அப்புறம்தான். இந்த ஊருக்குப் பிழைக்க வந்து பதினேழு வருஷம் ஆகிறது. டெக்னோபார்க்கில் பொட்டி தட்டுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் நான் செய்த ஒரே பொதுச்சேவை இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதுதான் என்று நினைக்கிறேன்.

பதிலை ஒருமுறை எழுதிவிடுகிறேன், இனி இதையே காட்டிக்கொள்ளலாம். இன்னும் திறக்கவில்லை. டி.பி. சுந்தரராஜன் என்ற வக்கீல் போட்ட வழக்கில்தான் 2011 ஜூன் கடைசியில் உச்ச நீதிமன்றம் சொல்லி நிலவறைகளைத் திறந்து கணக்கெடுத்தார்கள். ஏ முதல் எஃப் வரை ஆறு அறைகள். ஏ அறையில் கிடைத்ததைப் பார்த்துத்தான் உலகமே வாயைப் பிளந்தது. லட்சம் கோடி என்று பேப்பர்காரர்கள் எழுதினார்கள். பி அறையின் உள்கதவு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. 2020 ஜூலையில் வந்த தீர்ப்பிலும் அதைத் திறப்பதா வேண்டாமா என்பதைக் கோயில் நிர்வாகக் குழுவே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பாம்புக் கதை கிடக்கட்டும். எனக்கு அதில் பிடித்தது வேறு. ஏ அறைக்குள் போனவர்கள் கதவைத் திறந்ததும் பொக்கிஷத்தைப் பார்த்துவிடவில்லை. தரையில் பதித்திருந்த பாறாங்கல்லைப் பெயர்த்து, கீழே குறுகலான வழியில் இறங்கிப் போக வேண்டியிருந்தது. அதாவது, அந்தக் காலத்து ஆள் பூட்டை நம்பவில்லை. கனத்தை நம்பினான், தரையை நம்பினான். இன்னொன்றும் பாருங்கள். 2025 மே மாதம் அதே கோயிலில், ஸ்ரீகோவில் கதவுக்குத் தங்கத் தகடு போடும் வேலைக்கு வைத்திருந்ததில் 13 பவுன் காணாமல் போய், ஊரெல்லாம் பரபரப்பாகி, ஓரிரு நாளில் கோயில் வளாகத்து மணலுக்குள்ளேயே கிடைத்தது. துப்பாக்கி ஏந்திய போலீஸ், கேமரா எல்லாம் இருக்கிற இடம் அது. நிலவறைக்குள் இருந்தது பத்திரமாகத்தான் இருந்தது. வேலைக்கென்று வெளியே புழங்கியதுதான் கைதவறியது.

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

2025 டிசம்பரில் ஒரு பவுன் லட்ச ரூபாயைத் தாண்டியது. கல்யாணத்துக்கு நாற்பது பவுன் போட்டு வந்த பெண்ணின் நகை என்றால் அது நாற்பது லட்சத்துக்கு மேல். அதை எதில் வைத்திருக்கிறோம்? பெட்ரூம் பீரோவில். பீரோவுக்குள் ஒரு குட்டி லாக்கர் இருக்குமே, அதில். நாற்பது லட்ச ரூபாய் காரை ராத்திரி தெருவில் சாவியோடு விடுவோமா? அந்த உள் லாக்கர் என்பது தகரம், அவ்வளவுதான். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் கதவு வளைந்து கொடுக்கும். வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் இருக்கிற நம்ம ஆட்கள் பலர், மாசம் ஒரு தொகை மியூச்சுவல் ஃபண்டில் போட்டு அதற்கு எக்ஸெல் ஷீட் வைத்திருப்பார்கள். வீட்டுத் தங்கத்துக்கு மட்டும் பீரோ சாவி, அந்தச் சாவிக்கு சாமி படத்துக்குப் பின்னால் ஓர் ஆணி.

நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பொங்கலுக்கு ஒரு வாரம், சித்திரையில் ஒரு வாரம், மே மாசம் பிள்ளைகளின் லீவில் பத்து நாள் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறோம். பக்கத்து வீட்டு அம்மிணி "எந்நா வருந்நே?" என்று கேட்கும்போது தேதியோடு சொல்லிவிட்டுப் போகிறோம். அதுதான் விஷயமே.

இந்த நகரத்தில் நடந்த ஒரு திருட்டை இங்கே டீக்கடையில் இன்றைக்கும் பேசுவார்கள். 2013 ஜனவரியில் பட்டம் பக்கத்தில் முட்டடா பகுதியில், வெளிநாட்டில் சம்பாதித்து வந்த ஒருவரின் வீடு. கேமரா உள்ளிட்ட நவீன ஏற்பாடுகள் எல்லாம் உள்ள வீடு. உள்ளே வந்தவன் லேப்டாப், செல்போன் எல்லாம் எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற மிட்சுபிஷி அவுட்லேண்டர் காரையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வந்தவன் சில்லறை ஆள் இல்லை. பண்ட்டி சோர் என்று டெல்லிப் பக்கம் பேர் வாங்கிய தேவிந்தர் சிங். 2008இல் வந்த 'ஓயே லக்கி! லக்கி ஓயே!' படமே இவன் கதையை வைத்துத்தான் என்பார்கள். 2010இல் ஹிந்தி பிக் பாஸ் வீட்டுக்குள்ளும் போய் வந்த ஆள் (திருடனைக் கேமரா வைத்த வீட்டுக்குள் விட்டதும் அதுதான் முதல் தடவையாக இருக்கும்). சில நாளிலேயே புனேவில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். 2017இல் இங்குள்ள நீதிமன்றம் பத்து வருஷம் கொடுத்தது.

கேமராவில் முகம் பதிந்தது, அதனால் ஆளைக் கண்டுபிடித்தார்கள். உண்மை. ஆனால் கேமரா அவனை நிறுத்தவில்லை என்பதும் உண்மை. கேமரா சாட்சி சொல்லும். தடுக்காது. லட்ச ரூபாய்க்குக் கேமரா மாட்டிவிட்டு நகையைப் பீரோவில் வைப்பவர்கள் இந்த வித்தியாசத்தை யோசிக்க வேண்டும்.

அதைவிட என்னை உலுக்கியது வடக்கே கண்ணூர் பக்கம் வளபட்டணத்தில் நடந்தது. 2024 நவம்பர். அரிசி வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். (ஆமாம், நம்ம மதுரைதான்.) திரும்பி வந்து பார்த்தால் லாக்கரில் இருந்த ஒரு கோடிக்கு மேல் ரொக்கமும் முன்னூறு பவுன் அளவுக்கு நகையும் இல்லை. வட இந்திய கேங், வெளியூர் ஆள் என்று ஊரெல்லாம் வதந்தி. கடைசியில் பிடிபட்டவன் பக்கத்து வீட்டுக்காரன். தொழில், வெல்டிங். வீட்டில் யாரும் இல்லை என்று அவனுக்குத் தெரியும், ஜன்னல் கிரில் எப்படிக் கழலும் என்றும் தெரியும். அடுத்தடுத்த ராத்திரியில் ரெண்டு தடவை போய் வந்திருக்கிறான். எடுத்ததைத் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ரகசிய அறை மாதிரி செய்து ஒளித்து வைத்திருந்தான். அவன் செய்த பெட்டகம், வியாபாரி வீட்டுப் பெட்டகத்தைவிடக் கொஞ்சம் யோசித்துச் செய்ததாக எனக்குத் தோன்றுகிறது. யாருக்கும் தெரியாத இடம், பெயர்த்து எடுக்க முடியாதபடி வீட்டோடு சேர்ந்தது.

கடையில் பெட்டி வாங்கப் போகும்போது நாம் பார்ப்பதோ வேறு. கதவில் விளக்கு எரிகிறதா, பட்டனைத் தொட்டால் 'பீப்' சத்தம் வருகிறதா, விரல் ரேகை உண்டா, கலர் பீரோவுக்கு மேட்ச் ஆகிறதா. பத்தாயிரத்துக்குள் ஆன்லைனில் வருகிற டிஜிட்டல் லாக்கர்களில் பெரும்பாலானவை ஓட்டல் அறையில் பாஸ்போர்ட் வைப்பதற்குத் தோதானவை. உடம்புத் தகடு ரெண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். கதவு மட்டும் கொஞ்சம் தடிமன். அது போதாதென்று, பூட்டுக்குள் இருக்கிற சின்ன சோலினாய்ட், பெட்டியை ஓங்கித் தட்டினால் துள்ளி விலகிவிடுகிற ரகங்களும் உண்டு.

நான் சும்மா பயமுறுத்தவில்லை. அமெரிக்காவில் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதற்கென்றே தனிப் பெட்டகம் வாங்குவார்கள். டெக்சாஸ், கலிபோர்னியாவில் இருக்கிற நண்பர்கள் பெரிய பெரிய ஸ்டோர்களில் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மார்க் வெபர் டோபியாஸ் என்ற பூட்டு நிபுணரும் கூட்டாளிகளும் 2012இல் அந்த மாதிரிச் சின்னப் பெட்டகங்கள் பலவற்றை எடுத்துச் சோதித்தார்கள். பேப்பர் கிளிப், மெல்லிய தகடு போன்ற அற்ப சாமான்களால் திறந்தது. சிலதைச் சில அங்குல உயரத்திலிருந்து கீழே போட்டாலே திறந்தது. மூன்று வயதுப் பையன் ஒருவனையே திறக்க வைத்துக் காட்டினார்கள். உள்ளே இருப்பது துப்பாக்கி என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே கேள்வி திருடனைப் பற்றி மட்டும் இல்லை, சொந்தக் குழந்தையைப் பற்றியும்.

அந்த ஊர் முத்திரைகளையும் தெரிந்துகொள்வது நல்லது. ஆர்எஸ்சி என்று யுஎல் நிறுவனம் கொடுக்கும் வீட்டுப் பெட்டகச் சான்று இருக்கிறது. அதன் அடிப்படை நிலைக்கு என்ன அர்த்தம் தெரியுமா? சாதாரணக் கைக்கருவிகளோடு ஓர் ஆள் முயன்றால் ஐந்து நிமிடம் தாங்கும். ஐந்தே நிமிடம்! டிஎல்-15 என்றால் நல்ல கருவிகளோடு நிகரமாகப் பதினைந்து நிமிடம் தாங்க வேண்டும். எந்தப் பெட்டகமும் 'உடைக்க முடியாது' என்று சான்று வாங்குவதில்லை, எவ்வளவு நேரம் என்றுதான் வாங்குகிறது. நம் நாட்டில் ஐஎஸ் 550 என்பது பெட்டகங்களுக்கான தர எண். கடைக்காரரிடம் "இதுக்கு ஐஎஸ் 550 இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகம் போகிற போக்கிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

தீக்குத் தாங்குவதும் திருடனுக்குத் தாங்குவதும் ஒன்றில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1902லிருந்து பெட்டகம் செய்து வரும் கோத்ரெஜ்ஜுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சம்பவங்களில் ஒன்று, 1944இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்துத் தீயில் அதன் பெட்டகங்களுக்குள் இருந்தவை தப்பியது. அது தீ. தீ தாங்குவதற்காக நடுவில் கனமான பூச்சு வைத்து, வெளியே மெல்லிய தகடு போட்ட பெட்டிகளும் சந்தையில் உண்டு. பத்திரம், பாஸ்போர்ட்டுக்கு அது சரி. கட்டிங் மிஷினுக்கு முன்னால் நிற்காது. இன்னொரு தொல்லை, அந்தப் பூச்சு ஈரம் கசியும். திருவனந்தபுரத்தில் வருஷத்துக்கு ரெண்டு மழைக்காலம், பக்கத்தில் கடல். ஆறு மாசம் திறக்காமல் விட்டால் பத்திரத்தில் பூஞ்சை, பேட்டரி கம்பியில் பச்சைக் களிம்பு. சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போட்டு, மாசம் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். ஊருக்குப் போகும் முன் பேட்டரியை மாற்றுங்கள்.

எலெக்ட்ரானிக்கா, சாவியா என்று கேட்டால் என் ஓட்டு சாவிப் பெட்டிக்கு, அல்லது சுழற்றும் எண் பூட்டுக்கு. காரணம், எலெக்ட்ரானிக் பெட்டியில் நீங்கள் வைத்த எண் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். பல மாடல்களில் கம்பெனி வைத்த எண் ஒன்று உள்ளே இருக்கும், அவசரச் சாவி ஒன்றும் இருக்கும். 2023இல் அமெரிக்காவில் லிபர்ட்டி சேஃப் என்ற பெரிய பெட்டகக் கம்பெனி, வாரண்டோடு வந்த எஃப்பிஐக்கு ஒரு வாடிக்கையாளர் பெட்டகத்தின் எண்ணைக் கொடுத்தபோதுதான், கம்பெனியிடமும் எண் இருக்கிறது என்று பல பேருக்கு உறைத்தது. பெரிய கூச்சல் கிளம்பியது. சட்டப்படி கொடுத்ததைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நம் பெட்டிக்கு எத்தனை வழி இருக்கிறது என்று வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா இல்லையா? டிஜிட்டல்தான் வாங்குவேன் என்றால், கம்பெனியிலிருந்து வரும் பொது எண்ணை முதல் நாளே மாற்றுங்கள். மகள் பிறந்த தேதி, வண்டி நம்பர் ரெண்டும் வேண்டாம். அவசரச் சாவியைத் தயவுசெய்து அரிசி டப்பாவில் வைக்காதீர்கள். நம்ம அம்மாக்கள் எல்லாருக்கும் ஒரே அரிசி டப்பாதான் தெரியும், திருடனின் அம்மாவுக்கும் அதே டப்பாதான்.

இப்போது போல்ட். எல்லாரும் விட்டுவிடுகிற இடம் இதுதான்.

ஐம்பது கிலோ பெட்டியை ரெண்டு பேர் பேசிக்கொண்டே தூக்கிப் போய்விடலாம். அதை உங்கள் வீட்டில் வைத்துத் திறக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. ஆட்டோவில் ஏற்றிப் போய் எங்காவது ரப்பர் தோட்டத்தில் ஆற அமர அறுத்துக்கொள்ளலாம். உள்ளே அடுக்கி, வெளியே பூட்டி, கைப்பிடியும் வைத்து நாமே பொட்டலம் கட்டிக் கொடுத்த மாதிரி. பெரும்பாலான பெட்டிகளில் அடியிலும் பின்பக்கமும் துளைகள் இருக்கும், கூடவே போல்ட்டும் வரும். அந்த போல்ட் பொட்டலம் பிரிக்கப்படாமலே பெட்டிக்குள் கிடப்பதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்!

தரையில் இறக்குங்கள், சுவரை மட்டும் நம்பாதீர்கள். இங்கே பழைய வீடு என்றால் வெட்டுக்கல், புது வீடு என்றால் பெரும்பாலும் சிமென்ட் ஹாலோ பிளாக். ஹாலோ பிளாக்கில் ஆங்கர் போல்ட் போட்டால் உள்ளே காற்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். தரை கான்கிரீட்டாக இருக்க வேண்டும். டைல்ஸும் அதன் கீழே உள்ள சிமென்ட் பூச்சும் கணக்கில் வராது, அதைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் மூன்று அங்குலமாவது போல்ட் இறங்க வேண்டும். பன்னிரண்டு எம்எம் போல்ட் நாலு. மேல்மாடி என்றால் ஸ்லாபில் கம்பியும் ஒயர்க் குழாயும் எங்கே போகிறது என்று தெரிந்தவரை வைத்துத்தான் துளை போட வேண்டும். அப்புறம் இடம். நடு அறையில் நிற்கிற பெட்டிக்கு நாலு பக்கமும் கடப்பாரை போகும். மூலையில், கட்டி வைத்த அலமாரிக்குள், இரு பக்கமும் கை நுழையாதபடி ஒட்டி வையுங்கள். நெம்புவதற்கு இடமில்லை என்றால் பாதி பலம் போய்விடும்.

கடப்பாரை என்றதும் ஞாபகம் வருகிறது. கேரள வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் 'வொர்க் ஏரியா' என்று கிரில் போட்ட இடம் ஒன்று இருக்கும். தேங்காய் உரிக்கிற பாரை, மண்வெட்டி, அரிவாள், ஏணி எல்லாம் அங்கேதான். வீட்டிலேயே பலவீனமான கதவும் அதுதான். கள்ளன் வெறுங்கையோடு வந்தால் போதும், கருவி நாம் கொடுக்கிறோம். ஊருக்குப் போகும்போது அவற்றை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குப் பத்து பைசா செலவில்லை.

வாடகை வீடு என்றால்? நாலு துளை போட வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். காலி செய்யும்போது அடைத்துத் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளவில்லையா, பெட்டியே வாங்காதீர்கள். போல்ட் போடாத பெட்டிக்குப் பணம் செலவழிப்பது, திருடனுக்கு 'எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது' என்று போர்டு எழுதி மாட்டுவதற்குச் சமம். தங்கம் பேங்க் லாக்கருக்குப் போகட்டும்.

பேங்க் லாக்கரும் கோட்டை இல்லை. மலப்புறம் சேலேம்ப்ராவில் 2007 கடைசியில் கீழ்த்தளத்தை ஓட்டல் நடத்துகிறோம் என்று வாடகைக்கு எடுத்து, மேலே இருந்த பேங்கின் தரையில் ஓட்டை போட்டு 80 கிலோ தங்கம் கொண்டுபோனார்கள். திருச்சி சமயபுரம் டோல்கேட் பக்கம் 2019 ஜனவரியில் பேங்க் சுவரைத் துளைத்து உள்ளே போய் வாடிக்கையாளர் லாக்கர்களை உடைத்தார்கள். முன்பெல்லாம் லாக்கரில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, பொறுப்பும் இல்லை என்று பேங்குகள் கையை உதறிவிடும். உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அதைத் தப்பு என்று சொன்னது. அதே வருஷம் ரிசர்வ் வங்கி விதி போட்டது, 2022 ஜனவரி முதல் அமல். திருட்டு, தீ, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி இவற்றால் நஷ்டம் என்றால் பேங்கின் பொறுப்பு வருஷ வாடகையைப் போல நூறு மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. வாடகை 4,000 என்றால் நாலு லட்சம். உள்ளே இருப்பது நாற்பது லட்சம். மீதிக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். ஒவ்வொரு நகைக்கும் போட்டோ, எடை, பில் வேண்டும், அவற்றின் நகல் லாக்கருக்கு வெளியே இருக்க வேண்டும். இவ்வளவு ஓட்டை இருந்தும் நான் ஏன் பேங்க்கைச் சொல்கிறேன் என்றால், பேங்க்கில் திருடன் வந்தால் நம் வீட்டு ஆட்கள் குறுக்கே இருக்க மாட்டார்கள்.

அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கணக்கு. இங்கே எங்கள் குடியிருப்பைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கவலை காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிற அம்மாவையும் அப்பாவையும் பற்றி. 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் மூன்று பேரையும் கொன்று நகையை எடுத்துப் போனார்கள். ஆறு மாசம் கூட ஆகவில்லை, சிவகிரிப் பக்கம் தோட்டத்தில் வயதான தம்பதி. ரெண்டையும் செய்தது ஒரே கூட்டம்தான் என்று போலீஸ் 2025 மே மாசம் சொன்னது. வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அந்த மாசம் முழுக்கத் தூங்கியிருக்க மாட்டோம்.

அப்போது ரெண்டு யோசனைகள் ஊரில் சுற்றின. ஒன்று, துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்கள் என்பது. இன்னொன்று, அப்பா அம்மாவுக்கு நல்ல பெட்டகம் வாங்கி வைத்துவிடலாம் என்பது. ரெண்டும் எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் அப்பாரு லைசென்ஸோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கி வருவார். மற்ற நாளில் அது திண்ணைச் சுவரில் ஆணியில் தொங்கும், தோட்டா கள்ளிப்பெட்டியில். அவர் காலத்துக்குப் பிறகு அப்பா அதைத் தன் பேருக்கு மாற்றவில்லை. டீலரிடம் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார். இப்போது துப்பாக்கி வேண்டும் என்கிற உறவினரிடம் நான் கேட்பது இது. எழுபது வயதுக்காரர் நடுராத்திரியில் பெட்டகத்தைத் திறந்து, தோட்டா போட்டு, கதவுக்கு வருவதற்குள் என்ன ஆகும்? சட்டென்று எடுக்கத் தலையணைக்கடியில் வைத்தால், வீடு காலியாக இருக்கிற பகலில் முதலில் திருடு போவது அதுவாகத்தான் இருக்கும். அப்புறம் அது இன்னொரு தோட்டத்து வாசலுக்குப் போய் நிற்கும். லைசென்ஸ் இருக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும், அவர்கள் உரிமை. ஆனால் தோட்டா தனி, துப்பாக்கி தனி, ரெண்டும் தரையில் இறக்கிய பெட்டகத்தில். அது முடியாதென்றால் துப்பாக்கி வேண்டாம்.

பெட்டகம் இன்னும் மோசம். ஆள் இல்லாத வீட்டுக்குப் பெட்டகம் காவல். வயதானவர்கள் தனியாக இருக்கிற வீட்டில் பெட்டகத்தின் சாவி அவர்கள்தான். ஐஎஸ் 550 பெட்டியை உடைப்பதைவிட அறுபத்தெட்டு வயது அம்மாவை மிரட்டுவது சுலபம் என்பது திருடனுக்குத் தெரியாதா? அப்படி ஒரு நிலைமை வந்தால் எதிர்த்து நிற்க வேண்டாம், கேட்டதைக் கொடுத்துவிடுங்கள் என்று பெற்றவர்களிடம் நாம் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் இதைச் சொல்வதில்லை, அபசகுனமாம்.

மிச்சம் இருப்பது வாய். ஏர்போர்ட்டில் நின்று குடும்பத்தோடு ஸ்டேட்டஸ் போடுவது, புது நகையைப் போட்டுக் காட்டி ரீல்ஸ் விடுவது, பெட்டகம் இறக்க வந்த டெலிவரி பையனிடம் "பெட்ரூம்ல வைப்பா" என்று தெரு கேட்கக் கத்துவது. அட்டைப்பெட்டியை அப்படியே குப்பைக்கு வைக்காமல் கிழித்துப் போடுங்கள். கேரளத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. போலீஸின் போல்-ஆப் செயலியில் வீடு பூட்டியிருக்கும் நாட்களைப் பதிவு செய்தால் 14 நாள் வரை ரோந்து வரும்போது பார்த்துக்கொள்வார்கள். ஊர் முழுக்கச் சொல்கிற செய்தியைச் சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் மட்டும் நாம் சொல்வதில்லை.

போன தை மாசம் ஊருக்குப் போனபோது அம்மாவின் நகை முழுதையும் காங்கேயத்தில் பேங்க் லாக்கருக்கு மாற்றியாகிவிட்டது. சம்மதிக்க வைக்க மூன்று நாள் ஆனது. "நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னா எதைப் போட்டுக்கிட்டுப் போறது கண்ணு? பேங்க் ஞாயித்துக்கெழமை தொறக்குமா?" நியாயமான கேள்வி. தாலிக்கொடி, ரெண்டு வளையல், தோடு மட்டும் வீட்டில். அப்பா அதைத் தறி ஓட்டுகிற பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம், பால் ஊற்றுகிறவரிடம், டீக்கடையில் என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட்டு வந்தார். "எங்க வூட்டுல ஒண்ணுமில்லீங்க, பையன் அத்தனையும் பேங்குல கொண்டுபோய் வச்சுட்டான்." இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவர் வாயை அடைக்கவில்லை. அம்மா பீரோவைப் பூட்டுவதையும் விட்டுவிட்டாள். சாவி கதவிலேயே தொங்குகிறது.